மஞ்சள் துணி கட்டிய பெட்டி

எங்கள் வீட்டுப் பரண்மேல் அத்தையின் சூட்கேஸ் இருக்கிறது. கைப்பிடியில் மஞ்சள் புடவையிலிருந்து கிழித்த துண்டு ஒன்று. ஏர்போர்ட்டில் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலவே வரும், துணி கட்டினால்தான் நம்முடையது தெரியும் என்பார்கள் போய் வந்தவர்கள். விசா கைக்கு வரும் முன்பே அத்தை அதைக் கட்டிவிட்டாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு மகளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மகளை நர்சிங் படிக்க வைக்க வேண்டும். பருத்திக்காட்டுக் கூலியில் அது நடக்காது. மஸ்கட்டில் வீட்டு வேலை இருக்கிறது, விசிட் விசாவில் போய்விடலாம் என்றார் ஓர் ஏஜென்ட். யார் கேட்டாலும் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்ல வேண்டும் என்றும் பழக்கியிருந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். விசாரிக்காமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பெரம்பலூரில் அரசு நடத்திய விளக்கக் கூட்டத்துக்கு அத்தையை அழைத்துப் போனேன்.

என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். அத்தை எழுந்து, ஒப்பிப்பது போல, “சுத்திப் பாக்கப் போறேன் சார்” என்றாள்.

“என்னம்மா பாக்கப் போறீங்க?”

“ஒட்டகம்.”

பின்வரிசையில், ஏற்கெனவே வளைகுடா போய் வந்த லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர், “ஒட்டகத்துல பாக்க ஒண்ணுமில்லம்மா, மேச்சவன் சொல்றேன்” என்றார். கூடமே சிரித்தது. உதவி செய்ய வந்தவரிடமே, மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் படித்த பதிலை அத்தை சொல்லியிருந்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் எங்களை உட்காரவைத்து, அந்த விசாவில் வேலை பார்த்தால் சம்பளம் தராவிட்டாலும் புகார் சொல்ல முடியாமல் போகும் என்று விளக்கினார். ஏஜென்ட்டின் பெயரைத் தேடிப் பார்த்தார். அரசுப் பதிவில் இல்லை. முறையாகப் போகும் வழியையும் சொல்லி, அத்தையின் பெயரை அங்கேயே பதிந்துகொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அவ்வளவு பெருமை. அத்தை டிக்கெட்டை மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தாள்.

பதிந்த இடத்திலிருந்து இன்னும் வேலை வரவில்லை. அதே ஏஜென்ட் மூலம் போன பக்கத்துத் தெரு அக்கா வீடியோ காலில் சிரித்துக்கொண்டுதான் பேசுகிறாள். நிஜமாகவே சிரிக்கிறாளா, போனுக்காகவா, தெரியவில்லை. அத்தை மகள் துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு ஏன், கடையில் நின்ற கால்வலியோடு அவள் வந்து உட்காரும்போது என்னால் அங்கே இருக்க முடிவதில்லை?

போன வாரம் பரணைத் துடைக்கும்போது, நைந்து தொங்கிய அந்தத் துணியை அவிழ்க்கப் போனேன்.

“அவுக்காத புள்ள. அடையாளம் போயிடும்” என்றாள் அத்தை கீழேயிருந்து.

எந்த விசாவில் போகப்போகிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.