முந்தானைக்குப் போகும் கை

பங்குக் கோயில் திருவிழாவில் அம்மாவும் மகளும் ஜோடியாக இடுப்பில் வளையம் சுற்றும் போட்டி என்று அறிவித்த அன்றே, என் பத்து வயது மகள் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள். இருவரில் யார் வளையம் கீழே விழுந்தாலும் ஜோடியே வெளியே. "எங்க அம்மா சூப்பரா சுத்துவாங்கன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். என் வாழ்நாளில் நான் சுற்றியது கைமுறுக்கு ஒன்றுதான்.

மொட்டை மாடியில் பயிற்சி. அவள் வளையத்தைச் சுற்றிக்கொண்டே கொய்யாப்பழம் தின்பாள், கதை பேசுவாள். எனக்கு இரண்டே சுற்றில் காலடிக்கு வந்துவிடும். அவளுடையது விழுந்தால் உடனே குனிந்து எடுப்பாள். நான் முதலில் எதிர்வீட்டு அக்கா மாடியில் நிற்கிறாரா என்று பார்ப்பேன், அப்புறம்தான் குனிவேன்.

"கிரைண்டர் மாதிரி சுத்தாதம்மா. முன்னும் பின்னும் ஆட்டு, போதும்."

வளையம் சின்னது, அதுதான் கோளாறு என்று சாதித்தேன். வீட்டுக்காரர் நாகல் நகர்க் கடையில் தோட்டத்துக்குப் போடும் கறுப்புக் குழாய் வாங்கி, முனைகளை இணைத்துப் பெரிய வளையமாகக் கொண்டுவந்தார். "இம்புட்டுப் பெருசு போதுமா?" என்று கேட்ட வாய்க்கு அன்று வெஞ்சனம் இல்லாமல் வெறும் மோர்ச்சோறுதான். பெரிய வளையம் நிதானமாகச் சுற்றியது என்னவோ உண்மை. ஆனாலும் முழங்கையில் தட்டி விழுந்தது.

மகள்தான் கண்டுபிடித்தாள். "ஏம்மா கைய இறக்கிட்டே இருக்க?"

எனக்கே தெரியாமல் என் கை முந்தானையைச் சரிசெய்யப் போகிறது. சேலை வேண்டாமென்று சுடிதார் போட்டேன், கை ஷாலுக்குப் போனது. ஷாலைக் கழற்றிக் கொடியில் போட்டேன், இல்லாத ஷாலுக்குப் போனது. பாழாய்ப்போன கை. எந்த வயதில் அந்த வேலைக்குச் சேர்ந்ததோ, ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை.

"ஜெபக் கூட்டத்துல நிப்பேல்ல, அப்படி நில்லும்மா" என்றாள்.

கவனித்து வைத்திருக்கிறாள் கள்ளி. இரண்டு கையையும் தூக்கி ஸ்தோத்திரம் சொல்லும்போது மட்டும் நான் முந்தானையை மறந்துவிடுவேன். அதேபோல் கையைத் தூக்கினேன். வளையம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மாடிச் சுவருக்கு மேல் தூக்கிய கையை மட்டும் பார்த்த எதிர்வீட்டு அக்கா, எங்களுக்கு என்ன கஷ்டமோ என்று வீடு தேடி வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

போட்டி அன்று ஷாலைக் கழற்றி ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினேன். கடைசியில் மூன்று ஜோடிகள் மிஞ்சினோம். முன்வரிசையில் நின்ற அதே அக்கா, "பாப்பா, பனியன் மேல ஏறுது பாரு, இழுத்து விடு" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மகளின் கை சட்டென்று கீழே இறங்கியது. முகம் சுருங்கிவிட்டது. வளையம் அவள் தொடைக்குச் சரிந்தது.

எனக்குச் சுருக்கென்றது. பரிசு போனால் போகட்டும். பத்து வயதுக் கை, அதற்குள் வேலைக்குச் சேரப் போகிறதே என்று ஆத்திரமாக வந்தது.

"அடியே, கையத் தூக்கு. ஸ்தோத்திரம் சொல்லு" என்று கத்தினேன்.

அவள் களுக்கென்று சிரித்துக் கையைத் தூக்கினாள். முழங்காலை நெளித்து நெளித்து வளையத்தை மறுபடி இடுப்புக்கு ஏற்றினாள். பனியன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைத்தது. அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏறி, வீடு வந்து இறங்கிய பிறகுதான், என் ஷால் எங்கே என்ற நினைப்பே எனக்கு வந்தது.