கார்புரேட்டருக்குப் பின்னால் ஒரு தகடு

என் மனைவியின் அண்ணனை நான் வீட்டை விட்டு அனுப்பியதற்குக் காரணம் ஒரு மோட்டார் சைக்கிள். என் பிள்ளைகளிடம் இதை வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன். நடந்தது இதுதான்.

முப்பதுகளில் நான் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். மச்சான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர், கல்யாணம் ஆகாதவர், எங்களோடு தங்கியிருந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரையிடம் வாங்கிய பழைய வண்டி என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மச்சானும் அதில் பக்கத்து ஊரான கிள்ளான் வரை போய் வருவோம். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் அவரிடம் சொல்லாத விஷயம் எனக்கு எதுவும் இல்லை.

அந்த வருஷம், வெள்ளைக்காரர்கள் மட்டும் ஓட்டிவந்த மேடேறும் போட்டியில் ஆசியர்களும் சேரலாம் என்றார்கள். குன்றின் அடியிலிருந்து உச்சிக்கு யார் சீக்கிரம் ஏறுகிறார் என்பதுதான் போட்டி. எங்கள் அலுவலகத் துரைகளும் அதில் ஓட்டுவார்கள். நான் பெயர் கொடுத்தேன். அவர்கள் கண் முன்னால் அந்த மேட்டில் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். வேறு எந்த நினைப்பும் அப்போது எனக்கு இல்லை.

பெயர் கொடுத்த சில நாளில் வண்டிக்குச் சீக்கு வந்தது. கிளப்பினால் உடனே கிளம்பும். முப்பது மைல் வேகம் வரை எந்தக் குறையும் தெரியாது. அதற்கு மேல் கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் எஞ்சின் மூச்சு வாங்கும், ஏறாது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும். அலுவலகத்தில் ஒருவன், "அண்ணே, உங்க வண்டிக்கு இளைப்பு. ஆடாதொடைக் கஷாயம் காய்ச்சி ஊத்துங்க," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் இதைச் சொன்னபோது மச்சானும் சிரித்தார்.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டதாக நினைத்து, கடைக்காரரோடு தெருவில் நின்று சண்டை போட்டேன். பெட்ரோலை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. அதன் பிறகுதான் முறையாகத் தேட ஆரம்பித்தேன். முழு வேகத்தில் போகும்போதே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோல் போதாவிட்டால் அது வெளுத்திருக்கும், அதிகமானால் கரி படிந்திருக்கும். என்னுடையது நல்ல காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. பிளக்குக்கு நெருப்புப் பொறி தரும் மேக்னெட்டோவைத் திறந்து முனைகளைத் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்தேன். சைலன்சரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினேன். தெருவே காதைப் பொத்திக்கொண்டது, வேகம் மட்டும் கூடவில்லை.

மச்சான் பக்கத்தில் குந்தியிருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். "வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் மாப்பிள்ளே. வேகம் கூடினா வால்வு மூட நேரம் கிடைக்காதில்ல?" என்றார். படித்தவர் சொல்வது போலத்தான் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஸ்பிரிங் வரவழைத்து மாட்டினேன். அதே முப்பது மைல்தான்.

போட்டிக்கு முந்தின ஞாயிறு காலை, திண்டாடிப்போய் உட்கார்ந்து யோசித்தேன். நெருப்பு சரி. கலவை சரி. புகை வெளியேறும் வழியும் சரி. அப்படியானால் அந்தக் கலவை போதுமான அளவு உள்ளே போகவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரை எஞ்சினிலிருந்தே பிரித்தேன். இரண்டுக்கும் நடுவில், காகித வளையங்களுக்கு இடையே ஒரு தகரத் தகடு இருந்தது. நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவு துளை. அதைச் சுற்றி, காம்பஸால் கீறிய இன்னொரு வட்டம். முதலில் பெரிய துளை போட நினைத்து, பிறகு வேகத்தைத் தடுக்க அது போதாதென்று சிறியதாக வெட்டியிருக்கிறார்கள். ஓரங்களை அரம் வைத்துத் தேய்த்தும் இருந்தார்கள். எங்கள் வீட்டில் காம்பஸ் வைத்திருந்தவர் ஒருவர்தான்.

"இது என்ன மச்சான்?"

பார்த்தார். "தகடு."

"தகடுன்னு தெரியுது லா. யாரு வச்சது?"

"நான்தான்."

"ஸ்பிரிங் மாத்தச் சொன்னீங்களே! பக்கத்துலேயே உக்காந்து வேடிக்கை பாத்தீங்களே!"

"சொன்னா போட்டிய விட்டிருப்பீங்களா மாப்பிள்ளே?"

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். "அண்ணனைத் திட்டாதீங்க. நான்தான் கேட்டேன். நீங்க மேட்டுல ஏறினா எனக்கு என்ன கிடைக்கும்? கைதட்டலா? விழுந்தா என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியும்."

இங்கே ஒன்றை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஆறேழு மாதம் முன்னால் கிள்ளான் சாலையில் பத்து தீகா என்ற இடத்து வளைவில் நான் விழுந்து தோள் நழுவியது. அப்போது கைக்குழந்தையாக இருந்த எங்கள் மகளின் தலையில் கை வைத்து, இனி வேகமாக ஓட்டமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். அதை எத்தனை ஞாயிறு மீறினேன் என்று மச்சானுக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்தானே.

அது ஒன்றும் அப்போது என் மனதில் நிற்கவில்லை. என் வீட்டிலேயே இருவரும் கூடிப் பேசி, என்னை ஊர் சிரிக்க விட்டுவிட்டு, ராத்திரி எனக்கே சோறு போட்டிருக்கிறார்கள் என்பதுதான் நின்றது. உண்மையைச் சொன்னால், அளந்து கீறி, போதாதென்று விட்ட அந்தப் பெரிய வட்டத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. "மூட்டையைக் கட்டுங்க," என்றேன். அன்று மாலையே கிள்ளானில் ஒரு நண்பர் அறைக்குப் போனார். வாசலில் நின்று, "வரேன் மாப்பிள்ளே," என்றார். நான் கார்புரேட்டரைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன்.

தகடில்லாமல் போட்டிக்குப் போனேன். வண்டி மேட்டில் பிய்த்துக்கொண்டு ஏறியது. மூன்றாவதாக வந்தேன். என் மேலதிகாரி எனக்குப் பின்னால்தான் வந்தார். கை கொடுத்தார். வீட்டில் யாரும் என்னவாயிற்று என்று கேட்கவில்லை.

மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோது மனைவி சொன்னாள்: "அண்ணன் மடியிலதான் உக்கார வைக்கணும். நீங்க நேர்ல போய்க் கூப்பிட்டாதான் வருவாரு."

"அவருக்கே தெரியும். வரணும்னா வரட்டும்," என்றேன். வண்டி அப்போது ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கிள்ளானுக்கு ஒரு மணி நேரம் ஆகாது. நான் போகவில்லை. பிறகும் போகவில்லை. சில வருஷம் கழித்து, ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அவர் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார்.

காது குத்தின அன்று கோயிலில் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே, "தாய்மாமன் யாருங்க? புள்ளைய மடியில வாங்கிக்குங்க," என்றார். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் மனைவி பாயில் உட்கார்ந்து, குழந்தையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"தாய்மாமன் வரலீங்க. நீங்க குத்துங்க," என்றாள்.

நான் தூணோரம் நின்றிருந்தேன். குழந்தை வீறிட்டு அழுதபோது என்னிடம் யாரும் கொடுக்கவில்லை. நானும் கை நீட்டவில்லை.