சாவு வீட்டிலிருந்து எழுதிய பிறப்புச் செய்தி

சென்ற வெள்ளிக்கிழமை காலை சிதம்பரத்திலிருந்து ட்ரங்க் கால் வந்தது. நண்பர் ஹமீதின் மகன் பேசினான். "அத்தா மௌத்தாயிட்டாங்க மாமா. அசர் தொழுதுட்டு அடக்கம். வந்துருங்க." கடலூரில் பஸ் ஏறினேன்.

பௌதிக விரிவுரையாளராக அவரை அறிந்தவர்களுக்கு, என்னால் அவருக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அறுபத்திரண்டாம் வருடம் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அவருக்குத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் நேர்காணலுக்கு ஒரு வாரமே இருந்தது. ஒரு ஞாயிறு காலை, கடலூரில் ஒரு கூட்டத்தில் நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிப் பேசினார்; பத்திரிகை நிருபராக நான் போயிருந்தேன். சூரியனைப் போன்ற நட்சத்திரம் முதுமையில் ஊதிப் பெருத்து, மேலடுக்குகளை மெல்ல உதறிவிடும். எஞ்சிய சூடான கரு அந்த வாயுவை ஒளிரச் செய்யும். அதற்குக் கிரக நெபுலா என்று பெயர். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது; அன்று பெயரை மட்டும் குறித்துக்கொண்டு, அவர் விளக்குவதற்கு முன்பே திருவந்திபுரம் தேரோட்டச் செய்திக்காக எழுந்து போய்விட்டேன். மறுநாள் பத்திரிகையில் என் செய்தி: "புதிய கிரகங்கள் பிறக்கும் மேகம் - விரிவுரையாளர் ஹமீது விளக்கம்."

ஹமீது பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏன் மச்சான், சாவு வீட்டுக்குப் போயி புள்ள பொறந்துருக்குன்னு எழுதிட்டியே!"

"பேருலயே கிரகம்னு இருக்குதே?"

"அந்தக் காலத்துல டெலஸ்கோப்புல கிரகமாட்டம் வட்டமாத் தெரிஞ்சுது, வச்சுட்டாங்க. ராஜான்னு பேரு வச்சவன்லாம் நாடா ஆளுறான்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இன்டர்வியூல இதத்தான் என் முன்னாடி விரிச்சு வப்பாங்க."

பத்திரிகை ஆசிரியர் திருத்தம் வெளியிட மறுத்தார். "வானத்துல யாருய்யா போயிப் பாக்கப் போறா?" என்றார். பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு, கல்லூரியில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பலனில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த ஆண்டுதான் ஹமீதுக்குக் கிடைத்தது. அந்த ஓராண்டு அவர் வீடு எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதன்பின் அவர் பேசும் எந்தக் கூட்டத்துக்கும் எனக்கு அழைப்பிதழ் வரும். அடியில் அவர் கையெழுத்தில் ஒரே வரி: "முடியும் வரை உட்காரவும்." பதினோரு அழைப்பிதழ்கள் என்னிடம் இருக்கின்றன.

அடக்கத்தன்று, மண் தள்ளி முடிப்பதற்குள், "கடலூர் பஸ் நிக்குது, வாங்க போயிரலாம்" என்று உடன் வந்தவர் என் தோளைத் தொட்டார். அவரைப் போகச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். துஆ ஓதி முடித்து எல்லோரும் கலைந்த பிறகுதான் எழுந்தேன்.