இளையாளுக்கு மேலுலகத்தில் இடமில்லை

திண்டிவனத்தில் கொட்டகை போட்டிருந்த ஒரு டூரிங் டாக்கீஸில்தான் நான் மேலுலகத்தைப் பார்த்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவருக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம்கூட முடியவில்லை. மூத்தாள் விஷ ஜுரத்தில் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகியிருந்தது. அவள் விட்டுவிட்டுப் போன பெண்ணுக்கு ஏழு வயது. அது என்னைச் சின்னம்மா என்று கூப்பிடும். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் அந்த வீட்டில் சமைத்தேன், துவைத்தேன், அந்தப் பெண்ணுக்குப் பேன் பார்த்துத் தலை பின்னிவிட்டேன். என்னை வெறுமனே அம்மா என்று கூப்பிட்டால் என்ன என்று எனக்கு இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய ஆசையும் இல்லை அது.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம் தாய்வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் ஓமந்தூர்ப் பக்கம். பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். படத்துக்கு நோட்டீஸ் போட வண்டி வந்தது. மேளக்காரன் ஒருத்தன் அடித்துக்கொண்டே வர, இன்னொருத்தன் ரோஸ் நிறக் காகிதங்களை அள்ளி வீசினான். எங்கள் பெண் ஓடிப்போய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே வீட்டுப் பெண்கள் எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

பொம்பளைகள் பக்கம் மணலைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிடுவார்கள், சோடாக்காரன் உள்ளே வந்துவிடுவான். கதை பெரிய கதை இல்லை. ஒரு நல்ல புருஷன், ஒரு நல்ல பெண்டாட்டி. பெண்டாட்டி மூன்றாவது ரீலிலேயே செத்துப்போகிறாள். மேலுலகத்துக்குப் போனால் வாசலில் காவல்காரர்கள் உள்ளே வா என்று கூப்பிடுகிறார்கள். என் புருஷன் வராமல் நான் உள்ளே வரமாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். சுற்றிலும் புகை, வெள்ளை வெளேரென்று துணி கட்டிய பெண்கள். அவளும் வெள்ளைதான். கொட்டகையில் ஒரு கண் பாக்கியில்லாமல் அழுதது.

கீழே அந்தப் புருஷனுக்கு ஊரார் வற்புறுத்தி இன்னொரு கல்யாணம் பண்ணிவைக்கிறார்கள். அந்த இரண்டாவது பெண்டாட்டிதான் படத்துக்குச் சிரிப்பு. குண்டாக இருப்பாள். தோசையை நின்றுகொண்டே தின்பாள், துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு புருஷனைத் துரத்துவாள். அவள் வரும்போதெல்லாம் ஆம்பிளைகள் பக்கம் விசில். நானும் வாய்விட்டுச் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. கடைசியில் புருஷன் கிழவனாகிச் செத்து மேலே போகிறான், வாசற்படியை மிதித்ததும் பழைய வாலிபனாகிவிடுகிறான், இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள், கதவு சாத்திக்கொள்கிறது. சுபம். அந்தக் குண்டுப் பெண்டாட்டி என்ன ஆனாள் என்று படம் எடுத்தவனும் சொல்லவில்லை, பார்த்தவர்களும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

மறுநாள் காலை களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தோம். பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று கூடையில், ஒன்று வாயில் என்று போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று கேட்டது:

“அப்பா செத்தா எங்கம்மாகிட்ட போயிடும். எங்கம்மா வாசப்படியில உக்காந்துக்கினு இருக்கும் இல்ல? அப்ப நீ எங்க போவ சின்னம்மா?”

குழந்தை கேட்டது கேலி இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டது. ஆனால் என் அண்ணி இருக்கிறாளே, அவளுக்கு வாய் சும்மா இருக்குமா? “உங்க சின்னம்மா எங்க போவும், எங்ககூட இங்கியே மல்லாட்ட ஆய்ஞ்சிக்கினு கெடக்கும்” என்றாள். களமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது, அதை நான் மறக்கவில்லை.

விழுப்புரம் திரும்பினபோது அந்த நோட்டீஸும் கூடவே வந்துவிட்டது. அதில் மூத்த பெண்டாட்டியாக நடித்த நடிகையின் படம் கட்டைவிரல் அளவு போட்டிருந்தது. மை கொஞ்சம் ஈஷியிருக்கும். பெண் அதைச் சிலேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு தெருவில் எல்லாரிடமும் காட்டும், “எங்கம்மா இப்பிடித்தான் இருக்கும்” என்று சொல்லும். மூத்தாளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் போகும்போது பெண்ணுக்கு மூன்று வயது, முகம் ஞாபகமில்லை. இப்போது ஒரு முகம் கிடைத்துவிட்டது. என் வீட்டுக்காரரிடமும் காட்டியது. அவர் வாங்கிப் பார்த்து, “உங்கம்மா இம்மா செவப்பு இல்லடி” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே அவரிடம் கேட்டேன், “நீங்க செத்தா யார்கிட்ட போவீங்க?” என்று. “டூட்டிக்குப் போற நேரத்துல கேக்கற கேள்வியா இது” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. செத்தவளோடு சண்டை போட முடியாது, அதனால் இருக்கிறவர்களோடு போட்டேன்.

ஆடி மாசம் வந்தது. எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். புதுச் சேலை, பூ, மஞ்சள், குங்குமம், வளையல் எல்லாம் வைத்துப் படைப்போம். படைத்த சேலையை அந்த வீட்டுப் பெண் எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அதாவது மூத்தாள் சேலையை நான் கட்ட வேண்டும். என் நாத்தனார் காணை கிராமத்திலிருந்து வந்திருந்தாள். பங்காளி வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள். உள்ளறைச் சுவரில் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, அதன் கீழே நாத்தனார் மஞ்சள் சேலையை மடித்து வைத்தாள்.

பெண் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அத்தை, எங்கம்மாவுக்கு மஞ்சப் பொடவ வாணாம். வெள்ளப் பொடவ வையிங்க. மேல எல்லாரும் வெள்ளதான் கட்டிக்கினு இருக்காங்க” என்றது.

பூவாடைக்காரிக்கு வெள்ளைச் சேலை என்றால், தாலியோடு போனவளைத் தாலியறுத்தவளாக்குவது. அந்த வீட்டு ஆண்பிள்ளையின் உயிருக்கே அபசகுனம். அது ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சினிமாவில் பார்த்ததைச் சொல்கிறது என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். “கொட்டாயில பாத்ததச் சொல்லுதுங்க, வுடுங்க” என்று நான் சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது. “உங்கப்பன் சாவணும்னு வேண்டிக்கிறியாடி? அவர வாரிக் குடுத்துட்டு ரெண்டு பேரும் மேல ஜோடியா இருக்கறதப் பாக்கணுமா ஒனக்கு?” என்று கத்தினேன்.

நாத்தனார் எழுந்து வந்து பெண்ணின் வாயிலேயே ஒன்று போட்டாள். இன்னொருத்தி அதன் பிடரியைப் பிடித்து, படையல் முன்னால் விழுந்து கும்பிட வைத்து, “தப்பு தப்புன்னு சொல்லு” என்றாள். சொன்னது. எனக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. சிலேட்டுப் பையிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு போய், பொங்கல் வெந்துகொண்டிருந்த அடுப்பில் வைத்தேன். “இந்தக் காயிதம் வந்ததுலருந்துதான் பேஜாரு” என்று மற்றவர்கள் காதில் விழும்படி சொன்னேன். பெண் அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அப்போதே புத்தி வந்திருக்குமோ என்னவோ.

மத்தியானம் அவர் டூட்டியிலிருந்து வந்து சாப்பிட்டார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பெண்ணும் சொல்லவில்லை. நான் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு பரிமாறினேன்.

ஐப்பசி மழையில் அவருக்கு ஜுரம் வந்தது. ரெயில்வே டாக்டர் பார்த்துவிட்டு விஷ ஜுரம் என்றார். மூத்தாளைக் கொண்டுபோன அதே ஜுரம். நெற்றிக்குத் துணி நனைத்துப் போடுவதும், ஆஸ்பத்திரிக்கு ஓடி மிக்ஸர் மருந்து வாங்கி வருவதுமாக இருந்தேன். மூன்றாவது நாள்தான் பெண்ணைக் கவனித்தேன். அது கட்டில் பக்கமே வருவதில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு, “அப்பா மூச்சு வுடுதா?” என்று கேட்கும். வுடுது என்றால் போய்விடும். சோறு போட்ட தட்டு அப்படியே இருக்கும்.

அது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. தான் வெள்ளைச் சேலை கேட்டதால்தான் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்று நினைக்கிறது. நான்தானே அதைச் சொல்லிக் கொடுத்தவள். கிட்டே கூப்பிட்டு, “அது சும்மா கோவத்துல சொன்னது கண்ணு, உன்னால ஒன்னும் இல்ல” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. நேரமில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நிஜம் அதில்லை. நான் தாலிக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தேன், அதுவும் கொஞ்சம் பயப்படட்டுமே என்று மனசின் ஒரு மூலையில் இருந்தது. ஒரு குழந்தையிடம் எனக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்தது என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, மருந்து பாட்டிலோடு வீட்டுக்கு வந்தேன். பட்டப்பகல். அவர் கூடத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பெண் அந்தக் குங்குமப் பொட்டு வைத்த சுவரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தது.

“எம்மா, நீ இனிமே வாசப்படியில உக்காந்துக்கினு இருக்காத. உள்ள போயிடு. நீ அங்க இருந்தா அப்பா வந்துடும். அப்பா வந்துட்டா சின்னம்மாவுக்கு யாரும் இல்ல. அதுக்கு மேலயும் யாரும் இல்ல, இங்கயும் யாரும் இல்ல. நானும் இனிமே உன்ன நெனைக்க மாட்டேன். நெசமா சொல்றேன். நீ உள்ள போய்க் கதவச் சாத்திக்கம்மா.”

ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். நான் இரண்டடி பின்னால் போய், அப்போதுதான் வருகிறவள் போல நடைக்கதவைச் சத்தம் போட்டுத் திறந்து, “சோறு தின்னியாடி?” என்று கேட்டேன். நான் கேட்டுவிட்டேன் என்று அதற்குத் தெரிந்தால் அதன் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. அதற்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை.

அவருக்கு ஜுரம் இறங்கியது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அவர் கஞ்சி குடித்த முதல் நாள், பெண் கட்டில் பக்கம் வந்து நின்றது. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து, “இந்தாம்மா” என்றது. வெறும் அம்மா. அவர் காதில் விழுந்து, அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். “இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு” என்றார். அது சொன்னது. நான் ஆசைப்பட்ட வார்த்தை. “குடு” என்று டம்ளரை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் தன்னைப் பெற்றவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷா வருஷம் ஆடியில் படைத்தோம். எல்லாரோடும் சேர்ந்து விழுந்து எழுந்துவிடும். சினிமாவுக்கு வா என்றால் தலைவலி என்று சொல்லும். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களை இடுப்பை விட்டு இறக்காமல் அதுதான் தூக்கி வளர்த்தது. சண்டை போடுவோம், சிரிப்போம், எல்லா வீட்டிலும் அம்மாவும் பெண்ணும் இருக்கிற மாதிரிதான் இருந்தோம். அன்று உள்ளறையில் அது பேசியதைக் கேட்டுவிட்டேன் என்று சொல்லிவிட எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நினைத்ததோடு சரி.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அவளுக்குக் கல்யாணம் வைத்தோம். கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்காமல் பந்தக்கால் நடமாட்டோம். அதே உள்ளறை, அதே சுவர். அரக்குச் சேலை வைத்திருந்தோம். வீடு கொள்ளாத ஜனம், மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். நாத்தனார் அவளை முன்னால் இழுத்து நிறுத்தி, “பெத்தவள நல்லா வேண்டிக்கம்மா, இனிமே எந்த வீட்டுல போயி வேண்டிக்கப் போற” என்றாள்.

அவள் ஒரு நிமிஷம் கையைக் கூப்பிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். பிறகு சுவர்ப்பக்கம் நிமிராமலே திரும்பி, என் காலில் விழுந்தாள். “எனக்கு அம்மா இவங்கதான் அத்தை” என்றாள்.

நாத்தனார் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். “மூத்தா பொண்ண இப்பிடி வளக்க வேற ஒருத்தியால ஆவுமா?” என்று மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் ஏன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏழு வயதில் என்னை முன்னிட்டுக் கொடுத்த வாக்கை அவள் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ‘எழுந்திரு, அந்தப் பக்கம் திரும்பு, அவளைக் கும்பிடு, நீ நினைக்கலாம், தப்பெல்லாம் என்னுடையது’ என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று மென்று முழுங்கிவிட்டேன்.

தலையில் கை வைத்து, “நல்லா இரு” என்றேன். அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நான் கூப்பிடவில்லை.