பீரோவில் பூட்டிய செருப்பு

நான் எழுதிய கதையில் வரும் புருஷன் பெண்டாட்டியை அடிக்க மாட்டான். ஆபீஸ் கிளம்பும்போது அவள் செருப்பை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவான், அவ்வளவுதான். இப்படிக்கூட ஒருத்தன் செய்வானா, கற்பனைக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று இணைய இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கதையில் ஊர், வேலை எல்லாம் கற்பனை. செருப்பு மட்டும் என்னுடையது.

என் கணவர் கதை படிக்கிற ஆள் இல்லை. ஆபீசில் யாரோ காட்டியிருக்க வேண்டும். அன்று ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்து அடுப்பை அணைத்தேன். கத்தவில்லை. காபி கேட்டு வாங்கிக் குடித்தார், டம்ளரை அவரே கழுவி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்க. அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனான்னு எழுதலையே. நான் சொல்றேன், எழுது" என்றார்.

நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, நான் டைப் அடித்தேன். அவளுக்குப் புத்தி சரியில்லை, கண்டதையும் கற்பனை செய்கிறாள், புருஷன் பாவம் பொறுத்துப் போகிறான், கடைசியில் அவள் அவன் காலில் விழுகிறாள். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். ரெண்டு அறை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

"நாளைக்குச் சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம். நீயே எழுதினதுதானே, காட்டிடலாம்" என்று கன்னத்தைத் தட்டினார்.

மறுநாள் வழக்கம்போலச் செருப்பைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை. ஜன்னல் வழியே பார்த்தால், தெருவில் போகிற பெண்களில் பாதிப் பேர் வெறுங்காலோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அட, இத்தனை நாளாக இது என் மரமண்டைக்கு எட்டவில்லையே! செருப்பைப் பூட்டிப் பெண்டாட்டியை அடைத்து வைக்கப் பார்த்தாரே, அதுவும் ஸ்ரீரங்கத்தில்! பூக்கூடையில் போனை ஒளித்துக்கொண்டு இறங்கினேன். தாயார் சன்னதிக்கா என்று எதிர்வீட்டு மாமி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அக்கா வீடு திருச்சி கே.கே. நகரில். அங்கே வெயிலில் வெறுங்காலோடு நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கதவைத் திறந்த அக்காவும் முதலில் என் காலைத்தான் பார்த்தாள். டாக்டர் விஷயம் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா அழுதாள். அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் போன் இருந்தது.

"சகலைகிட்ட பேசிட்டேம்மா. பாவம், பதறிப்போயிட்டாரு. நீ சாப்பிட்டுக் கொஞ்சம் படு. அவரு கிளம்பிட்டாரு."

அத்தான் நல்ல மனிதர். அதனால்தான் பயந்தேன். அக்காவிடம் அவள் செருப்பைக் கேட்டேன். அவள் அத்தான் முகத்தைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலுக்கு என்று நினைத்து நானும் நின்றேன். வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் கையை இழுத்தேன். அவள் விடவில்லை.

கடித்துவிட்டுத்தான் பின்பக்க வழியாக ஓடினேன். நான் பைத்தியம் என்பதற்கு இன்றுவரை அவர்கள் காட்டுவது அக்கா கையிலிருக்கும் அந்தப் பல் தடத்தைத்தான்.