வரப்பு தாண்டும் தவளை

மன்னார்குடியில் வீட்டில் இருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாளெல்லாம் யார் யாருடைய கடைகளுக்கோ செயலி எழுதி அலுத்துப்போய், எனக்கே எனக்கென்று செல்போனில் ஒரு விளையாட்டு செய்ய ஆரம்பித்தேன். அதில் ஒரு தவளை. சம்பா வயலில் வரப்புக்கு வரப்பு தாவி, வாய்க்காலைக் கடந்து, கொக்கையும் நண்டையும் ஏமாற்றிவிட்டு அது குளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் கதை.

அந்த ஐப்பசி மழையில் அக்கா வயலைப் பார்க்கப் போய், வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். திருவாரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். மாவுக்கட்டோடு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தவள், டிவியையும் என்னையும் மாறி மாறிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். வாயை அடைக்கலாம் என்றுதான் போனை அவள் கையில் கொடுத்தேன்.

"இது தவளையாடி? நெல்லு மூட்டை மாதிரில்ல விழுது," என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் வகுப்பில் நடத்துகிற அதே சூத்திரத்தைப் போட்டுத்தான் தவளையைக் குதிக்க வைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"கணக்கு சரிதான். என் கட்டைவிரலுக்குச் சரியா இல்லயே."

இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு மாற்றினேன். லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். அந்தரத்தில் இருக்கும்போதே தவளையைக் கொஞ்சம் திருப்பவும் முடியும். கூடவே ஒரு திருட்டு வேலையும் செய்தேன். தவளை வரப்பின் விளிம்பைத் தாண்டிய பிறகு ஒரு கண நேரம் தாமதமாக அழுத்தினாலும் அது தாவிவிடும். இதை அக்காவிடம் சொல்லவில்லை. தனக்குக் கை பழகிவிட்டது என்று அன்று சாயங்காலம் அம்மாவிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

எப்படி ஆடுவது என்று ஆரம்பத்தில் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் ஒரு வரியைக்கூட அவள் படிக்கவில்லை. பிள்ளைகள் கேள்வித்தாளைச் சரியாகப் படிப்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்புகிறவள். விளக்கத்தைத் தூக்கிவிட்டு, குதிக்காமல் தாண்டவே முடியாத ஒரு குட்டை வரப்பை முதலில் வைத்தேன். அடுத்து, விழுந்தாலும் ஏறி வந்துவிடக்கூடிய ஒரு சின்ன வாய்க்கால். அதற்கப்புறம்தான் அகலமான வாய்க்கால். ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் தாண்டினாள்.

பெரிய சண்டை தண்ணிப்பாம்பால் வந்தது. குளத்துக்கு ஒரே ஒரு தாவல் பாக்கி இருந்த இடத்தில், புல்லுக்குள் பாம்பை ஒளித்து வைத்திருந்தேன். லபக்கென்று தவளையை விழுங்கியது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி கேட்டாள். குடித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"நான் அவசரப்பட்டு விழுந்தா என்னைத் திட்டிக்குவேன், மறுபடி ஆடுவேன். நீ பிடிச்சுத் தள்ளினா எதுக்கு ஆடணும்?"

வயலில் பாம்பு சொல்லிக்கொண்டா வரும் என்று வாதாடினேன்.

"வயல்ல விழுந்ததுக்குத்தான் கட்டுப் போட்டு உக்காந்திருக்கேன். இங்க நான் விளையாட வந்திருக்கேன்."

பாம்பு வருவதற்கு முன் புல் அசைகிற மாதிரி மாற்றினேன். அப்படியும் அவள் அவசரத்தில் அதைக் கவனிக்காமல் பாம்பின் வாயில் போய் விழுந்தாள். ஆனால் இந்த முறை சிரித்தாள். "புல்லு ஆடிச்சு, பாத்தேன், இருந்தும் போனேன்," என்றபடியே மறுபடி தொடங்கினாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் விளையாட்டு உருப்படும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

கடைசிக் கட்டத்தில் அறுவடை மெஷின் பின்னாலேயே துரத்தி வரும். அவள் படுகிற பாட்டைப் பார்த்து, சத்தமில்லாமல் மெஷினின் வேகத்தைக் குறைத்தேன். எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். பாவம் பார்க்காதே, பழையபடி வை என்றாள். வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோன நேரத்தில் தவளை ஒருவழியாகக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள்.

பிறகு கேட்டாள்: "ரெண்டு தவளை ஒண்ணா ஓடுற மாதிரி பண்ண முடியுமாடி? ஒண்ணு நீ, ஒண்ணு நான்."

சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தேன்.