இடது சீட்டும் ஆண்டவரும்

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவருக்கு ஸ்டியரிங் கிடையாது. காலடியில் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும், வாய்க்குள் ஒரு ஜெபமும்தான். காளவாசல் சிக்னலில் கார் ஆஃப் ஆகி, பின்னால் டவுன் பஸ் ஹாரனை அமுக்கிப் பிடிக்க, பழக வந்தவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உண்டா? உண்டென்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

முதலில் அதை முடிங்க

வண்டி எடுக்கும் முன் கண்ணை மூடி ஆண்டவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது என் வழக்கம். புதிதாகச் சேர்ந்த தனலட்சுமி அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. சொல்லிக்கொடுப்பவளே கண்ணை மூடினால் ரோட்டை யார் பார்ப்பது? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவுப் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் ஒருநாள் அவசரத்தில் ஜெபிக்காமலேயே சாவியைப் போடச் சொன்னேன். அந்த அம்மா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உங்க சாமிகிட்டச் சொல்லிட்டு வாங்க மேடம். நேத்து நான் ஆட்டோவ உரசப் பாத்தது உங்களுக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கல."

எப்படிக் கேட்கும்?

உசிலம்பட்டி மாட்டுத் தரகர் ஒருவர் கார் வாங்கிவிட்டுப் பழக வந்தார். ஓட்டிக்கொண்டே கேட்டார்: "சாமி சொல்லுச்சு, சாமி சொல்லுச்சுங்கிறீங்களே, காதுல விழுகுமாம்மா?"

"காதுல எல்லாம் விழாதுண்ணே. தப்பான பக்கம் போனா நெஞ்சுக்குள்ள உறுத்தும். திரும்புற வரைக்கும் விடாது" என்றேன். அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கும் உண்டும்மா. என்ன, எனக்கு அது பக்கத்துல உக்காந்து வாய்விட்டே சொல்லிரும். போன வருசம் கல்யாண நாளுக்குச் சேலை எடுத்துக்குடுத்தேன், அப்பவும் அடங்கல."

ஒரு வார்த்தைதானே

சிரிப்பு இத்தோடு போதும். எங்களிடம் பழகிய பாண்டி லைசென்ஸ் வைத்திருந்தான். ஆனால் ரிவர்ஸ் வராது, பிரேக்கும் ஒரு நொடி தாமதம்தான். கப்பலூரில் ஒரு கம்பெனியில், பெண் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேனுக்கு டிரைவர் தேடினார்கள். எங்கள் ஸ்கூலில் யாரைக் கைகாட்டினாலும் எடுத்துக்கொள்வார்கள். பாண்டிக்கு அந்த வேலை கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, ஓட்ட ஓட்டப் பழகிக்கிருவான்" என்றார் எங்கள் ஸ்கூல் ஓனர் அண்ணன்.

அன்று ஜெபத்தில் நான் ஆண்டவரிடம் வழி கேட்கவில்லை. நானே முடிவெடுத்துவிட்டு அதற்கு அவர் சம்மதத்தைத்தான் கேட்டேன். அவரோ மசியவில்லை. வேன் நிறைய உட்கார்ந்திருக்கும் பெண்கள் மட்டும் மனதைவிட்டு இறங்க மறுத்தார்கள். கம்பெனி மேனேஜர் போனில் கேட்டபோது, "இன்னும் ஒரு மாசம் ஆகும் சார்" என்றேன். வேலை வேறொருவருக்குப் போனது. பாண்டி ஆபீஸ் வாசலில் வைத்துக் கேட்டான்: "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேக்கா. இதையும் உங்க சாமிதான் சொல்லுச்சா?"

வேண்டாத வேலை

சொன்னது அவர், ஏச்சு வாங்கியது நான் என்று ஆண்டவர் மேல் கோபம்தான் வந்தது. மறுநாள் காலை ஜெபத்தில் நான் கேட்காமலேயே பதில் வந்தது: அவனுக்குச் சொல்லிக்கொடு. எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆனாலும் அன்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு இன்று கேட்காமல் விடுவது என்ன கீழ்ப்படிதல்?

ஓனர் அண்ணன் வண்டியைத் தந்தார், பெட்ரோல் உன் பாடு என்று. விடிந்ததும் ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு காலி மைதானத்துக்கு வரச் சொல்லிக் காத்திருந்தேன். முதல் நாள் பாண்டி வரவில்லை. இரண்டாம் நாளும் போய் நின்றேன். வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. தார் டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். சாய்த்தான், நிமிர்த்தி வைத்தேன், மறுபடி சாய்த்தான். விடுவதாக இல்லை நான்.

பழகி முடித்ததும் கம்பெனிக்கு நானே போன் போட்டேன். காலி இடம் இல்லை. டிரைவர் லீவு போடும் நாளில் மட்டும் ஆக்டிங் டிரைவராக வரட்டும் என்றார்கள். முதல் நாள் ஓட்டிவிட்டு நேரே ஆபீசுக்கு வந்தான் பாண்டி. "கண்ணாடில பாத்தேன்க்கா. வண்டி நெறைய ஆளுக, பாதிப் பேரு என்னைய நம்பித் தூங்குறாக. அன்னைக்கு நீங்க சரின்னு சொல்லியிருந்தா, இம்புட்டுப் பேரையும் நான் எங்க கொண்டுபோயி விட்டிருப்பேன்?"

ஆண்டவர் வழி காட்டுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காட்டிய வழிக்குப் பெட்ரோல் மட்டும் நாம்தான் போட வேண்டியிருக்கிறது.